ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்தவன்

எங்கள் தெருவில் என் வயதுப் பையன்கள் எல்லோரும் ஒரு தடவையாவது ஸ்பீக்கரை உடைத்திருக்கிறோம். கெட்டுப்போன ரேடியோ எந்த வீட்டுக் கொல்லையில் கிடந்தாலும் சரி, ஸ்குரூடிரைவரைப் பேப்பரில் குத்திக் கிழித்து, பின்னால் இருக்கிற காந்தத்தைக் கல்லால் தட்டி எடுத்துவிடுவோம். அதை நூலில் கட்டிப் பள்ளத்தூர் மண்ணில் இழுத்துக்கொண்டு நடந்தால் கருப்புக் கருப்பாக இரும்புமண் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்த மண்ணை ஒரு தாளில் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்தினால் மேலே மண் எழுந்து நடக்கும். ஒரு முழுப் பரீட்சை லீவு அப்படியே போயிருக்கிறது.

நாற்பத்தேழு வயதில் இப்போது அதே திண்ணையில் உட்கார்ந்து, காந்தத்தின் இடுக்கில் மாட்டிக்கொண்ட அதே இரும்புமண்ணை ஒவ்வொரு துகளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். செய்த பாவம் எங்கே போகும்.

பகலில் காரைக்குடியில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளும் சில ராத்திரிகளும் ஸ்பீக்கருக்கு. இதைத் தொழில் என்று சொல்ல முடியாது. தெரிந்தவர்கள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள், எனக்கு மறுக்கத் தெரியவில்லை, ஆறேழு வருஷம் ஓடிவிட்டது. இந்த வருஷம் வந்ததில் இரண்டைப் பற்றி எழுதத் தோன்றியது. ஒன்று மைக்செட்காரனுடையது, இன்னொன்று ஓர் ஆச்சியுடையது. முதலாவதில் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுப் புதிதாகக் கட்டினேன். இரண்டாவதில் எதையும் பிய்க்காமல் இருப்பதற்கு மூன்று வாரம் பாடுபட்டேன்.

பேப்பர் என்று நான் சொல்வது கோனை, அதாவது ஸ்பீக்கரின் முன்னால் புனல் மாதிரி இருந்து ஆடுகிற பகுதியை. எங்கள் பக்கத்து மைக்செட்காரர்கள் அதைப் பேப்பர் என்றுதான் சொல்கிறார்கள். பேப்பரின் கழுத்தில் ஒரு சின்னக் குழாய், அதன்மேல் செப்புக்கம்பி சுற்றியிருக்கும். அது காயில். காந்தத்தின் நடுவில் வளையல் மாதிரி ஓர் இடுக்கு உண்டு. காயில் அதற்குள் உள்பக்கமும் தொடாமல் வெளிப்பக்கமும் தொடாமல் நிற்க வேண்டும். வெளியே பேப்பரைச் சுற்றியுள்ள எட்ஜும், உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் ஸ்பைடரும்தான் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஸ்பைடரை அம்மா ஒருநாள் தடவிப் பார்த்துவிட்டு, "கஞ்சி போட்டு மொடமொடன்னு இருக்கே" என்றார். சரியாகத்தான் சொன்னார். கஞ்சிக்குப் பதில் ரெசினில் முக்கி, சூட்டில் அழுத்தி மடிப்பு எடுத்த துணிதான் அது.

1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்று இரண்டு பேர் (சோள அவல் கெல்லாக் வேறு ஆள்) இந்த மாதிரி ஸ்பீக்கரை எப்படிச் செய்வது என்று எழுதி வெளியிட்டார்கள். நூறு வருஷத்தில் காந்தம் மாறியிருக்கிறது, பசை மாறியிருக்கிறது, காயில் சுற்றும் குழாய் மாறியிருக்கிறது. இடுக்குக்குள் எதையும் தொடாமல் ஆடும் காயில் மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, மைக்செட்காரன் கதைக்கு வருகிறேன். என்னோடு பத்தாவது வரை படித்தவன். கூம்பு வடிவக் குழாய்க்குத் தடை என்று போலீஸ்காரர்கள் பிடிக்க ஆரம்பித்த பிறகு, இருந்த குழாய்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பெரிய பாக்ஸ்களுக்கு மாறினான். தை மாதக் கடைசியில் 15 இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றைச் சாக்கில் சுற்றி டிவிஎஸ் ஃபிப்டியில் கொண்டுவந்தான்.

"மாப்ள, பேப்பர் நல்லாத்தான் இருக்கு. சத்தம் மட்டும் வரல."

மீட்டர் வைத்துப் பார்த்தேன். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டரில் ஆறு ஓம் பக்கம் காட்ட வேண்டும். முள் அசையவே இல்லை. இரண்டு கை விரல்களையும் பேப்பர்மேல் சமமாக வைத்து மெல்ல அழுத்தினால் உள்ளே சர்க்கென்று உரசியது. அப்புறம் மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். அரக்கு கருகிய வாடை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் யோசிக்க ஒன்றும் இல்லை, காயில் எரிந்துவிட்டது.

"என்ன போட்ட?"

"ஒண்ணும் போடலடா. மஞ்சுவிரட்டு. காலைல இருந்து வர்ணனை."

மாடு வருகிறது, மாடு வருகிறது என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துவதைத்தான் 'ஒண்ணும் போடல' என்கிறான். ஸ்பீக்கருக்குள் 100 வாட் போனால் அதில் நாலைந்து வாட்கூடச் சத்தமாக வெளியே வராது. மிச்சமெல்லாம் காயிலில் சூடாகத்தான் தங்கும். செப்பு சூடானால் அதன் ஓம் ஏறும். இருநூறு டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஆறு ஓம் பத்து ஓமையும் தாண்டிவிடும். ஓம் ஏறினால் அதே வால்யூமில் சத்தம் குறையும். சத்தம் குறைகிறது என்று கமிட்டிக்காரர் சைகை காட்டுவார், இவன் வால்யூமைக் கூட்டுவான், காயில் இன்னும் சூடாகும், இன்னும் குறையும், இவன் இன்னும் கூட்டுவான். வால்யூம் எல்லையைத் தாண்டினால் ஆம்ப்ளிஃபயர் அலையின் தலையை வெட்ட ஆரம்பிக்கும். வெட்டின அலையில் சூடு இன்னும் அதிகம். தை மாத வெயிலில், தகரப் பந்தலுக்கு மேலே, மூடின பாக்ஸுக்குள் காயில் வேறு என்ன செய்யும்?

காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழாவுக்குள் வேண்டும் என்றான். சரி என்றேன்.

புதுக் காயில், பேப்பர், ஸ்பைடர் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், பார்சலில் அனுப்புவார்கள். ஆனால் "15 இஞ்சுக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்டு வாங்கினால் பாதிக்குப் பாதி பொருந்தாது. பழைய காயிலின் உள்விட்டம், கம்பிச் சுற்றின் உயரம், குழாயின் நீளம், பேப்பரின் கழுத்து, ஸ்பைடரின் வெளிவிட்டம், எல்லாவற்றையும் வெர்னியரில் எடுத்து எழுதி அனுப்ப வேண்டும். கருகிய காயில் உப்பியிருக்கும். அதனால் குழாயின் கருகாத பகுதியில்தான் விட்டத்தை அளக்க வேண்டும். இது தெரியாமல் ஒருமுறை உப்பின இடத்தில் அளந்து, வந்த காயில் காந்தத் தண்டில் லொடலொடவென்று ஆடியது. அது இன்னும் என் பேனா ஸ்டாண்டாக இருக்கிறது.

பழையதை எடுக்கும்போது எல்லோரும் செய்கிற தப்பு, பேப்பரை வெட்டி எடுத்த உடனே ஃபிரேமில் ஒட்டியிருக்கும் பழைய பசையைச் சுரண்ட ஆரம்பிப்பது. சுரண்டினதெல்லாம் நேரே காந்த இடுக்குக்குள்தான் விழும். வெட்டின அடுத்த நிமிஷம் இடுக்கின்மேல் டேப் ஒட்டிவிட வேண்டும். அதற்கு அப்புறம்தான் தின்னர், பிளேடு எல்லாம். பசை எல்லாம் போன பிறகு டேப்பைப் பிரித்து, கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு பட்டை வெட்டி, அதன்மேல் ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி டேப் சுற்றி, இடுக்குக்குள் விட்டுச் சுற்றிச் சுற்றி இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அட்டை கருப்பாக வரும். இந்த ஸ்பீக்கருக்குப் பதினான்கு பட்டை ஆனது. திருவிழாத் திடலில் மண்ணில் குப்புறக் கிடக்கிற ஸ்பீக்கர்களில் நான் சின்ன வயதில் பொறுக்கின அதே மண்தான். காந்தம் அதை விடவே விடாது. ஊதினால் போகாது, பிரஷ்ஷுக்கும் வராது. பசையில் ஒட்டித்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது நடுப் பார்ப்பது. காயிலுக்கும் நடுவில் இருக்கிற காந்தத் தண்டுக்கும் இடையே கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடம் இருக்கும். சுற்றிலும் அந்த இடம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றால், பசை காயும்வரை காயிலைப் பிடித்துவைக்க ஏதாவது பட்டை செருக வேண்டும். கடைகளில் இதற்குப் பிளாஸ்டிக் தாள் வைத்திருப்பார்கள். என்னிடம் இருப்பது அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரே. ஒரு தாள் கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர், வளையும், மடங்காது. விரல் அகலத்தில் ஆறு பட்டை வெட்டிக் காயிலுக்கும் தண்டுக்கும் நடுவில் சமமாக இறக்கினால் காயில் தானாக நடுவுக்கு வந்து நிற்கும். இடது முழங்கால் தீர்ந்துவிட்டது. இப்போது வலது ஓடுகிறது. டாக்டர் ஒருநாள் பழைய எக்ஸ்ரே கேட்டபோது அம்மா என்னை என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

நடு பார்த்தால் மட்டும் போதாது, உயரமும் பார்க்க வேண்டும். இந்த ஸ்பீக்கரில் காந்தத்தின் மேல்தகடு 8 மில்லிமீட்டர் தடிமன். காயிலில் கம்பிச் சுற்று 14 மில்லிமீட்டர் உயரம். மிச்சம் 6. அதில் பாதி மேலே, பாதி கீழே. ஆகவே தகட்டுக்கு மேலே 3 மில்லிமீட்டர் செப்பு தெரிகிற வரைக்கும் காயிலை இறக்கி அங்கே நிறுத்த வேண்டும். இதைப் பார்க்காமல் கண்மட்டத்துக்கு ஒட்டிவிட்டால் ஸ்பீக்கர் பாடும், ஆனால் சத்தம் கூடும்போது ஒரு பக்கம் காந்தத்தை விட்டு முன்னாடியே வெளியே வந்து, குரல் இழுத்துக்கொள்ளும்.

காயிலும் ஸ்பைடரும் சேரும் இடத்துக்கும், காயிலும் பேப்பரும் சேரும் இடத்துக்கும் அரால்டைட், இரண்டு டியூபைக் கலந்து போடும் எபாக்சி பசை. சூடு அங்கேதான் ஏறும், ரப்பர் பசை தாங்காது. ஃபிரேமில் ஒட்டுவதற்கு எஸ்ஆர் என்கிற ரப்பர் பசையே போதும். அரால்டைட் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரமெல்லாம் நம்ம ஊர் வெயிலுக்குப் பொருந்தாது. பங்குனியில் மத்தியானம் கலக்கினால் பத்து நிமிஷத்தில் தேன் பதம் தாண்டிப் பாகு பதத்துக்குப் போய்விடும். அதனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் கலக்குவேன். ஃபேன் போடக் கூடாது, தூசி வந்து விழும். பனியனோடு வியர்த்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, தீக்குச்சியால் பசையைச் சுற்றிலும் இழுக்க வேண்டும்.

ஃபெவிக்விக் பற்றி ஒரு வார்த்தை. முதன்முதலில் நான் ரீகோன் செய்த, அதாவது பேப்பரும் காயிலும் ஸ்பைடரும் புதிதாகப் போட்ட ஸ்பீக்கர் என்னுடைய சொந்த 8 இஞ்ச். நடு பார்த்தாயிற்று, உயரம் பார்த்தாயிற்று, ஸ்பைடர் ஒட்டியாயிற்று. ஓர் இடத்தில் ஸ்பைடர் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அரால்டைட் மறுபடி கலக்கச் சோம்பல். ஒரே ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டேன். அது தண்ணீர் மாதிரி ஓடுகிற பசை. குழாயின் சுவரில் வழிந்து, எக்ஸ்ரே பட்டையோடு சேர்ந்து இடுக்குக்குள் இறங்கி, காயிலையும் காந்தத்தையும் ஜென்மத்துக்கும் பிரியாமல் சேர்த்துவைத்துவிட்டது. காலையில் பேப்பரை அழுத்தினால் சுவரை அழுத்துவதுபோல் இருந்தது. காயில், பேப்பர், ஸ்பைடர், எட்டு நாள், எல்லாம் ஒரே சொட்டில் போயிற்று. அதற்கு அப்புறம் அந்த டியூபை நான் ஸ்பீக்கர் இருக்கிற ரூமுக்கே கொண்டுவருவதில்லை. செருப்புக்கு மட்டும்தான்.

மைக்செட்காரனின் 15 இஞ்ச் நான்கு ராத்திரியில் முடிந்தது. பட்டைகளை உருவி, நடுவில் மூடி ஒட்டுவதற்கு முன்னால் சோதனை. போனில் 25 ஹெர்ட்ஸ் ஒலி வைத்து, சின்ன ஆம்ப்ளிஃபயரில் மெல்ல ஏற்றினேன். அந்த ஒலி காதில் பெரிதாகக் கேட்காது, பேப்பர் முன்னும் பின்னும் போய்வருவது கண்ணுக்குத் தெரியும். அப்போது உரசல் இருந்தால் மட்டும் கேட்கும். கேட்கவில்லை. அப்புறம் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். சிவப்பில் பிளஸ் வைத்தால் பேப்பர் வெளியே தள்ள வேண்டும். இது உள்ளே இழுத்தது. வயரை மாற்றிப் பற்றவைத்திருக்கிறேன்! அப்படியே கொடுத்திருந்தால், பக்கத்து பாக்ஸ் முன்னே தள்ளும்போது இது பின்னே இழுக்கும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நன்றாக இருக்கும், சேர்த்துப் போட்டால் நடுவில் நிற்கிறவனுக்குத் தவிலில் அடிக்குரல் கொடுக்கிற தொப்பிப் பக்கமே கேட்காது. மாற்றிப் பற்றவைத்து மூடியை ஒட்டினேன்.

அந்த வேலையில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பேப்பர் புதிது, காயில் புதிது, ஸ்பைடர் புதிது. பழையது என்று மிஞ்சினது ஃபிரேமும் காந்தமும்தான். குரலும் கொஞ்சம் மாறித்தான் போயிருந்தது, முன்னைவிடக் கணீரென்று இருந்தது. அவனுக்கு அதுதான் வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு அணைக்கச் சொல்வதற்குள் கூட்டத்தின் கடைசி ஆள் வரைக்கும் கேட்க வேண்டும், அவ்வளவே.

ஆச்சியின் கதை வேறு.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, இந்த வாசலில் நின்று பார்த்தால் அடுத்த தெரு வாசல் தெரிகிற அளவுக்கு நீளமான வீடு. ஆச்சி மட்டும் இரண்டாம் கட்டில் இருக்கிறார். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும். பங்குனியில் ஒருநாள் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"தம்பி, நீதானே அந்த ரேடியோப் பெட்டியெல்லாம் பாக்குறவன்? எங்க வீட்டுல ஒண்ணு கெடக்கு. அவுக பினாங்குல இருந்து கப்பல்ல கொண்டாந்தாக. பேசி முப்பது வருஷம் இருக்கும். பேச வைக்க முடியுமான்னு பாரு."

பட்டாலையில் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். மேலே கிராமபோன் தட்டு, கீழே வால்வு ரேடியோ, அதற்கும் கீழே துணி போர்த்திய ஸ்பீக்கர், எல்லாம் ஒரே தேக்குப் பெட்டியில். இந்தப் பக்கத்து வீடுகளில் இந்த மாதிரிப் பெட்டிகள் ஒரு காலத்தில் நிறைய இருந்தன. பாதி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ ஹோட்டல் வரவேற்பறைகளில் பூச்சாடி தாங்கிக்கொண்டு நிற்கின்றன. பாட்டுக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொன்னால், ஏவி.எம். மெட்ராஸுக்குப் போவதற்கு முன் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஸ்டூடியோ போட்டிருந்தது என்று சொல்லுங்கள். சினிமாவே இங்கே கொட்டகையில் எடுத்திருக்கிறார்கள்.

"ஆச்சி, வால்வு வேலை எனக்குத் தெரியாது. பிளக்கை மட்டும் மாட்டிடாதீங்க. உள்ள கன்டென்சர் எல்லாம் செத்திருக்கும், புகைஞ்சிரும். ஸ்பீக்கரை மட்டும் கழட்டிட்டுப் போறேன்."

"பெட்டில கீறல் விழாம கழட்டு" என்றார். அதோடு ஒரு நோட்டை எடுத்து, தேதி போட்டு, 'ஸ்பீக்கர் 1, ஸ்குரூ 4' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். உரக்கடையில் இருபது வருஷம் கணக்கு எழுதுகிறேன், இவ்வளவு சுத்தமாக ரசீது எழுதினதில்லை.

வீட்டில் கொண்டுவந்து திருப்பிப் பார்த்தால், ஃபிரேமுக்கும் பேப்பருக்கும் நடுவில் குளவிக்கூடு. ஒன்று இல்லை, மூன்று. களிமண் குடுவைகள் மாதிரி வரிசையாக, பேப்பரின் முதுகில் ஒட்டிக் கட்டியிருந்தது. பேப்பரின் விளிம்பில் ராமபாணப் பூச்சி அரித்த கோடுகள். ஓரிடத்தில் சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிசல், இன்னோர் இடத்தில் எட்டணாக் காசு அளவு ஓட்டை. காயில்? மீட்டர் 3.1 ஓம் காட்டியது. அந்தக் காலத்து வால்வு ரேடியோ ஸ்பீக்கர்களில் அதுதான் சரியான அளவு. அழுத்தினால் உரசலே இல்லை. காயில் நன்றாக இருக்கிறது!

காந்தம் வட்டத் தட்டாக இல்லாமல், பித்தளைச் செம்பைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. அல்நிகோ. அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றையும் இரும்போடு சேர்த்துச் செய்யும் காந்தம். 1978-ல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில், அதாவது இன்றைய காங்கோவில், சண்டை வந்து கோபால்ட் விலை எகிறியபோது ஸ்பீக்கர் கம்பெனிகள் பெரும்பாலும் அதைக் கைவிட்டுக் கருப்பு ஃபெரைட்டுக்கு மாறிவிட்டன. நாங்கள் சின்ன வயதில் மண்ணில் இழுத்தது ஃபெரைட். அல்நிகோவில் ஒரு தொல்லை உண்டு. அதன் இரும்புச் சட்டத்திலிருந்து காந்தத்தைப் பிரித்தால் பலத்தில் பெரும்பங்கு போய்விடும். மறுபடி சேர்த்தாலும் திரும்பாது. புதிதாகக் காந்தம் ஏற்ற வேண்டும், அதற்கு இங்கே வசதி இல்லை. ஆக, பின்பக்கத்தைத் தொடக் கூடாது. பேப்பரைக் கழற்றினால் அந்த ஸ்பைடர், காயில் அளவுக்கு இன்று எதுவும் கிடைக்காது. கிடைத்தாலும் புதுப் பேப்பர் போட்டு ரீகோன் செய்தால் பெட்டி பேசும், ஆனால் வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். பேப்பரின் கனமும் அதன் கூழும்தான் ஸ்பீக்கரின் குரல். மைக்செட்காரனுக்கு அது போனால் பரவாயில்லை. இங்கே ஆச்சி கேட்டது அந்தப் பெட்டியைத்தான்.

முதலில் குளவிக்கூடு. தட்டி உடைத்தால் மண் தூளாகி ஸ்பைடரில் விழும். அதில் ஓட்டைகள் வழியாக இடுக்குக்குள் இறங்கினால் கதை முடிந்தது, இதைப் பிரித்துச் சுத்தம் செய்யவே முடியாது. கூடு இருக்கும் பக்கம் கீழே வரும்படி ஸ்பீக்கரைப் பக்கவாட்டில் தொங்கவிட்டேன். மாடிக் கம்பியில் இரண்டு கயிறு கட்டி ஊஞ்சல் மாதிரி. நான் கீழே பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். இங்க் ஃபில்லரில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துக் கூட்டின்மேல் வைப்பது. அது ஊறி மண் இளகியதும் பல்குச்சியால் ஒரு கடுகளவு எடுப்பது. பேப்பர் நனையக் கூடாது, மண் மட்டும் நனைய வேண்டும். மறுபடி ஒரு சொட்டு. மண் என் மூக்கின்மேல் விழுந்தது. ஒரு கூட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று கூட்டுக்கு மூன்று வாரம். கடைசிக் கூட்டுக்குள் காய்ந்துபோன சின்னப் பச்சைப்புழு ஒன்று இருந்தது. குளவி தன் குஞ்சுக்கு வைத்துவிட்டுப் போனது, குஞ்சு சாப்பிடவில்லை போல.

அப்புறம் கிழிசல். பேப்பருக்கு ஒட்டுப் போடுவதில் இரண்டே விஷயம்தான். ஒட்டும் தாள் பேப்பரைவிட மெல்லியதாக இருக்க வேண்டும், பசை தண்ணீராக இருக்க வேண்டும். கெட்டித் தாளும் கெட்டிப் பசையும் போட்டால் அந்த இடம் கனத்து, பேப்பர் நொண்டும், குரல் மந்தமாகும். என்னிடம் பட்டத்தாள் இருந்தது, ஆனால் அது கொஞ்சம் வழவழப்பு, பசையை இழுக்காது. டீ பையின் தாளைப் பிரித்துப் பார்த்தேன், அதுவும் நல்லதுதான், ஆனால் அகலம் போதவில்லை.

ஆச்சியிடம் நிலவரம் சொல்லப் போனபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். எழுந்து உள்ளே போனார். பெட்டகம் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ரோஸ் நிறத்தில் ஒரு மடிப்பு. நகைக்கடையில் நகையை மடித்துக் கொடுக்கும் தாள்.

"இது ஆகுமா பாரு. நகையெல்லாம் போயிருச்சு, தாள் மட்டும் கெடக்கு."

தொட்டுப் பார்த்தேன். இதைவிட நல்ல தாள் நான் இதுவரை வைத்து ஒட்டினதில்லை. மெலிசு, நீளமான நார், வழவழப்பு இல்லை. பல வருஷம் பெட்டகத்தில் கிடந்ததில் மொடமொடப்பும் போயிருந்தது. ஓரங்களைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தேன். கிழித்த ஓரத்தில் நார் பிரிந்து நிற்கும், ஒட்டின பிறகு விளிம்பே தெரியாது. ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு மோர் மாதிரி கலக்கி, பேப்பரின் பின்பக்கம் பிரஷ்ஷால் தடவி, தாளை வைத்து, மறுபடி மேலே ஒரு தடவல். ஓட்டைக்குப் பின்பக்கம் ஒரு பட்டையும் முன்பக்கம் ஒரு பட்டையும். காய்ந்ததும் விரலால் தட்டினால், ஒட்டுப்போட்ட இடமும் ஒட்டுப்போடாத இடமும் ஒரே மாதிரி சத்தம் கொடுத்தன. முன்பக்க ஒட்டின்மேல் கொஞ்சம் கருப்பு இங்க் தடவினேன். பின்பக்கம் ரோஸாகவே விட்டுவிட்டேன்.

நடுவில் என் சொந்த ஸ்பீக்கர் ஒன்றுக்கும் எட்ஜ் மாற்றினேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொண்ணூறுகளில் வாங்கினது, ஃபோம் எட்ஜ். ஃபோம் காற்றின் ஈரத்திலேயே உள்ளுக்குள் சிதைந்துகொண்டே வரும், பாடினாலும் பாடாவிட்டாலும். தொட்டால் பழைய கருப்பட்டி மாதிரி கையில் பிசுபிசுத்தது. ரப்பர் எட்ஜ் வாங்கி ஒட்டிவிட்டேன். ஃபோம் போட்ட ஸ்பீக்கரைப் 'பிரிக்காத பெட்டி, புத்தம் புதுசு' என்று யாராவது பழைய விலைக்கு விற்றால் வாங்காதீர்கள். பெட்டிக்குள்ளேயே நொறுங்கியிருக்கும்.

சித்திரை பிறந்து இரண்டாவது ஞாயிறு ஆச்சி வீட்டுக்கு ஸ்பீக்கரைக் கொண்டுபோனேன். நோட்டை எடுத்து, ஸ்குரூவை எண்ணி, 'வரவு' என்று எழுதினார். பெட்டியில் மாட்டினேன். வால்வு ரேடியோவைத் தொடாமல், ஸ்பீக்கர் வயரை மட்டும் தனியே எடுத்து என் சின்ன ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, போனிலிருந்து ஒரு பழைய நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டேன். வால்யூமைக் கால்வாசிக்கு மேல் ஏற்றவில்லை. அந்தக் காலத்து ஸ்பீக்கருக்கு இரண்டு மூன்று வாட்டே அதிகம்.

ஆச்சி தூணில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. கீழ்க்குரல் குறைவு, மேல்குரலும் தெளிவாக இல்லை, நடுவில் ஒரு மாதிரி மூக்கடைப்பு. ஒட்டு கனமாகிவிட்டதோ, விளிம்பில் அரித்த இடத்தையும் சேர்த்து ஒட்டியிருக்க வேண்டுமோ என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆச்சி, கொஞ்சம் மூக்கால பேசுற மாதிரி இருக்கு. வேணும்னா திருப்பிக் கழட்டி..."

"அது அப்பவும் மூக்காலதான் பேசும்" என்றார் ஆச்சி. "அவுக கூடச் சொல்லுவாக, இவனுக்குப் பினாங்குலயே சளி புடிச்சிருச்சுன்னு. நீ கழட்டாத."